ஆறு சுற்றும் ஒரு நடவு வயலும்

கடலூர்,
26-11-2007, திங்கள் மதியம்.

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிட சுகம், கார் மட்டும் சுகமில்லை. நீ சுகமாக இருப்பது நேற்று போனிலேயே தெரிந்துவிட்டதால் அதை மறுபடி கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று சிரிப்பாள், அவள் சிரிப்பைக் கேட்டு நீயும் சிரிப்பாய், விஷயம் காற்றில் போய்விடும். அதனால் சாப்பிட்ட கையோடு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கூரியர்காரர் ஐந்து மணிக்குக் கடையை மூடுவார், புதன்கிழமை உன் கையில் சேர்ந்துவிடும் என்று சத்தியம் செய்திருக்கிறார். கூடவே கிள்ளையிலிருந்து வந்த இறாலில் அம்மா செய்த தொக்கும் வருகிறது. எண்ணெய் கசிந்தால் பார்சலை எடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னதால் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் போட்டு நூல் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருக்கிறாள். பிரிப்பதற்குக் கத்தி வேண்டியிருக்கும், கை ஜாக்கிரதை.

முதலில் நேற்றைய விஷயம். நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உன் கம்பெனியில் இன்டர்வியூ எடுக்கும் பேனலில் உன்னையும் போட்டிருக்கிறார்கள். சிதம்பரத்திலிருந்து மாலதி என்று ஒரு பெண் வந்தாள். ஐந்து ரவுண்டு தாண்டினாள், எழுதச் சொன்ன புரோகிராமை எழுதினாள், அது முதல் தடவையே ஓடியது. ஆறாவது ரவுண்டில் உன்னோடு சேர்த்து ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து, மூணேகால் மணிக்குக் கடிகாரத்தின் இரண்டு முள்ளுக்கும் நடுவில் எத்தனை டிகிரி என்று கேட்டீர்கள். அந்தப் பெண் நாலு நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற ஐந்து பேரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் வேலைக்கு வந்தால் உன் டீமில்தான் சேருவாள் என்பதால் கடைசி வார்த்தை உன்னுடையது, அதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னப்பா பண்ணட்டும், அந்தப் பொண்ணு முகம் கண்ணு முன்னாடியே நிக்குது என்றாய். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காதே சிந்து, மார்க்கைப் பார், சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது என்று மேடைப் பேச்சு பேசினேன். பின்னாலிருந்து உன் அம்மா, மொதல்ல நம்ம காரு எங்க கெடந்துச்சின்னு சொல்லுங்க என்று குரல் கொடுத்ததும், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சார்ஜ் தீரவில்லை. மூன்று கட்டை இருந்தது. நேற்று கொடுத்த யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம், ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படி.

நம் சிந்துஜா டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருடம் கார் சொல்லிக்கொடுத்த சாமிக்கண்ணு குவைத்துக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். என் முதுகு இருக்கிற லட்சணத்தில் நாள் முழுக்கக் காரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு பேர் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டு லைசென்ஸ் டெஸ்டுக்குக் காத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். முன்பெல்லாம் ஆள் எடுப்பது எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். வா தம்பி, எந்த ஊரு, வண்டிய எடு, மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு தடவை சுத்து, அவ்வளவுதான். சாமிக்கண்ணுவை அப்படித்தான் எடுத்தேன். ஆனால் தீபாவளிக்கு வந்தபோது நீ அதிரசம் தின்றுகொண்டே, நூறு பேரில் ஒருவரை எப்படிப் பொறுக்குகிறீர்கள் என்று சொன்னாயே, எழுத்துத் தேர்வு, புதிர், குழு விவாதம், டெக்னிக்கல், மேனேஜர், ஹெச்.ஆர். என்று, அதை நான் டைரியில் குறித்து வைத்திருந்தேன். மகள் பெங்களூரில் செய்வதை அப்பன் கடலூரில் செய்தால் என்ன என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், உன்னைப் போல ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவை விரலில் சுற்றிக்கொண்டு கேள்வி கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். கார் ஓட்டக் கற்றுத்தர ஆசிரியர் தேவை, ஆறு சுற்று நேர்முகத் தேர்வு, பேனா கொண்டு வரவும்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள், பேனாவோடு வந்தவர் ஒருவர்தான். எழுத்துத் தேர்விலேயே மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். புதிர் ரவுண்டில் உன் கேள்விகளையே கேட்டேன். பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கொளஞ்சியிடம் கேட்டேன். இவர் விருத்தாசலத்துப் பக்கம், முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர், வயது ஐம்பதுக்கு மேல். எங்க தெருவுல மூடியே இல்லீங்க சார், குழிதான் இருக்கு, வட்டமா சதுரமான்னு எட்டிப் பாத்தா வண்டி உள்ள போயிடும் என்றார். பூஜ்யம் போட்டேன். மூணேகால் மணி கேள்விக்கு, அந்த நேரத்துக்கு நாங்க டீ குடிப்போம் சார் என்றார். இன்னொரு பூஜ்யம். அடுத்து ஆண்டி என்று ஒரு மினி பஸ் டிரைவர். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எத்தனை வேகத்தடை இருக்கும் என்றேன். கண்ணைக்கூட மூடாமல், முப்பத்தொண்ணு சார், ஆலப்பாக்கம் தாண்டி ஒண்ணு தேஞ்சி போயிருக்கு, அதையும் சேத்தா முப்பத்திரெண்டு என்றார். நீதானே சொன்னாய், விடை முக்கியமில்லை அப்பா, யோசிக்கிற விதம்தான் முக்கியம் என்று. இந்த மனுஷன் யோசிக்கவே இல்லையே. அதனால் அவருக்கும் பூஜ்யம். கடைசியாக வந்தவர்தான் தேவநாதன், திருப்பாதிரிப்புலியூர், எம்.காம்., பேனா கொண்டு வந்தவர். முதலில் வழியில் உள்ள ஊர்களை எண்ண வேண்டும் சார், ஊருக்கு இரண்டு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம், பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று என்று வைத்துக்கொள்வோம் என்று தாளில் படம் போட்டு, சுமார் நூற்றைம்பது என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. முழு மார்க்.

குழு விவாதத்துக்கு, ஹாரன் அவசியமா என்று தலைப்புக் கொடுத்தேன். அவசியம் என்று ஒரே நிமிடத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டு, மீதி நேரம் முழுக்க சாமிக்கண்ணுவுக்கு குவைத் விசா வாங்கிக் கொடுத்த ஏஜெண்டைப் பற்றி விவாதித்தார்கள். மேனேஜர் ரவுண்டுக்கு வேறு ஆள் இல்லாததால் நானே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஹெச்.ஆர். ரவுண்டுக்கு இன்னொரு சட்டை, கூடவே படிக்கிற கண்ணாடி. கொளஞ்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்னாடி கேட்டது ஒங்க தம்பிங்களா என்றார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டேன். எடது முட்டி சார், மழைக்கு வலிக்கும் என்றார். ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றேன். அஞ்சு வருசத்துல பேத்தி பள்ளிக்கூடம் போவ ஆரம்பிச்சிடும் சார், கொண்டுபோயி வுடணும் என்றார். இன்னொருவர் தன் பலவீனம் சாயங்காலமானால் ஒரு குவார்ட்டர் என்று ஒத்துக்கொண்டார், அவரை வாசல் வரை நானே கொண்டுபோய் விட்டேன், அந்த ஒரு முடிவில் மட்டும் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தேவநாதனோ, எதையும் நூற்றுக்கு நூறு சரியாகச் செய்யாமல் விடமாட்டேன் சார், அதுதான் என் பலவீனம் என்றார். நான் எழுந்து நின்று கை கொடுத்தேன். டீ டம்ளர் எடுக்க வந்த உன் அம்மா, ஏங்க, காலையிலேருந்து யாருமே காருகிட்ட போவலியே என்றாள். அதெல்லாம் ஆறு ரவுண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும் மலர்க்கொடி, இது சிஸ்டம் என்றேன்.

தேவநாதன் போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். முதல் இரண்டு நாள் மழை, வகுப்பெல்லாம் ஆபீசில்தான். சாலைக் குறிகளைப் பற்றி அவர் பேசினதைக் கேட்டு எல்லோரும் அசந்துபோனார்கள். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. நம்மிடம் படிக்கும் பதினோரு பேரில் ஒருவரான சந்திரலேகா டீச்சரை ஓட்டவைத்துப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து சிதம்பரம் சாலையில் போயிருக்கிறார். புதுச்சத்திரத்துக்கு முன்னால் எதிரே ஒரு பஸ். டீச்சர் பயந்துபோய், சார் எத மிதிக்கணும், எத மிதிக்கணும் என்று கத்தியிருக்கிறார். பிரேக்கும் கிளட்சும் நம்மாள் காலுக்கடியிலும் ஒரு ஜோடி இருக்கிறது, ஒரு மிதி மிதித்தால் முடிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? டீச்சர், பதற்றப்படாதீங்க, இப்ப நமக்கு முன்னால மூணு வழி இருக்கு என்று ஆரம்பித்திருக்கிறார். முதல் வழியின் நன்மைகளைச் சொல்லி முடிப்பதற்குள் கார் நாலாவது வழியாக மெதுவாகச் சரிந்து தட்சிணாமூர்த்தி என்பவரின் வயலில் இறங்கிவிட்டது. நட்டு நாலு நாள் ஆன வயல். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதற்காக அம்மா ஸ்ரீமுஷ்ணத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். நானும் அவளும் டி.வி.எஸ். ஐம்பதில் போய்ச் சேர்ந்தபோது முன்சக்கரம் இரண்டும் சேற்றில், பின்சக்கரம் இரண்டும் வரப்பில், மேலே பச்சைப் பயிருக்கு நடுவில் சிந்துஜா என்று உன் பெயர் எழுதின பலகை. தட்சிணாமூர்த்தி வரப்பில் நின்றுகொண்டு, எறங்கக் கூடாது, யாரும் எறங்கக் கூடாது, இன்னும் ஒரு நாத்த மிதிச்சீங்கன்னா நடக்கிறதே வேற என்று காவல் காத்தார். உள்ளே தேவநாதனும் டீச்சரும் இரண்டு மணி நேரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதாப்பா என்று நான் வரப்பிலிருந்தே கேட்டேன். லைசென்ஸ் எடுத்ததுக்கப்புறம் ஓட்டலை சார், நீங்க அதைக் கேக்கவே இல்லையே என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்துச் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. இறங்கினவர் யார்? நான் பூஜ்யம் போட்ட கொளஞ்சி. நேராகத் தட்சிணாமூர்த்தியிடம் போய், அண்ணே, சக்கரம் போன தடத்துலயே திரும்ப எடுத்துடுறேன், புதுசா ஒரு நாத்தும் சாயாது, உத்தரவு குடுங்க என்றார். அரை மணி நேரமாக எனக்குக் கிடைக்காத உத்தரவு அவருக்கு உடனே கிடைத்தது. லாரியிலிருந்து இரண்டு பலகையும் ஒரு கட்டு வைக்கோலும் எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். தேவநாதனை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை அவர் தொடவே இல்லை. டீச்சர், நீங்கதான் எறக்குனீங்க, நீங்களே ஏத்திடுங்க, ரிவர்ஸ் போட்டுட்டு கிளட்ச்ச மெதுவா வுடுங்க, நான் இருக்கேன் என்றார். டீச்சர் அழுதுகொண்டே விட்டார், கார் பின்னால் நகர்ந்து ரோட்டில் ஏறியது. ஏறினதும் டீச்சர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். இவ்வளவும் கண்ணெதிரில் நடந்தும் உன் அப்பனுக்குப் புத்தி வரவில்லை. வீட்டுக்கு வந்து டைரியை எடுத்து, ஆறு சுற்று போதவில்லை, ஏழாவதாக ஒன்று வேண்டும் என்று எழுதினேன். அந்த மிதப்பில்தான் நேற்று உனக்கு யோசனை சொன்னேன்.

இன்று காலை ஆபீசைத் திறந்தால் வாசலில் கொளஞ்சி. உன் அம்மா என்னைக் கேட்காமலே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். நீங்க ஆறு ரவுண்டு வெச்சீங்க சார், நான் ஒரே ஒரு ரவுண்டு கேக்குறேன், நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல ஒக்காந்து வர்றேன், யாருகிட்ட வேல பாக்கப் போறேன்னு எனக்கும் தெரியணும்ல என்றார். உன் அம்மா சாவியை எடுத்து நீட்டினாள். நான் கார் ஓட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றாலும், இருபத்திரண்டு வருடம் ஸ்கூல் நடத்துகிறவன் இல்லையா, மிடுக்காக ஏறி உட்கார்ந்தேன். கெடிலம் பாலம் ஏற்றம் வரை மிடுக்கு இருந்தது. அங்கே எஞ்சின் நின்றது. பின்னால் டவுன் பஸ் ஹாரன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தால் கொளஞ்சி என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடம் எனக்கு கிளட்ச் எந்தக் கால் என்று மறந்துபோய்விட்டது சிந்து. சத்தியமாக மறந்துபோய்விட்டது. வலது காலால் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி பஸ்ஸை முன்னால் போகச் சொன்னார். ஒண்ணும் அவசரமில்ல சார், மூச்சு வுடுங்க என்றார். ஒங்களுக்கு ஓட்டத் தெரியும், நான் பாக்குறேன்னுதான் ஒதறுது, நான் அந்தப் பக்கம் பாத்துக்குறேன் என்று சொல்லி, முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார். பாதத்தை மட்டும் பிரேக் மேலேயே வைத்திருந்தார். இரண்டு மூச்சு விட்டேன், கார் நகர்ந்தது, திருப்பாதிரிப்புலியூர் போய்த் திரும்பி வந்தோம். இறங்கினதும், கண்ணாடி பாக்க மாட்டேங்குறீங்க, மூணாவது கியருக்கு அவசரப்படுறீங்க, மத்தபடி ஒங்ககிட்ட வேல பாக்கலாம் என்றார். நாளைக் காலையிலிருந்து வருகிறார். தேவநாதனையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, பாடம் நடத்த அந்தப் பையனை விட்டால் ஆளில்லை, ஆபீசில் எல்.எல்.ஆர். வகுப்பு அவருக்கு, காலையில் அரை மணி நேரம் கொளஞ்சியிடம் ஓட்டப் பழகவும் வேண்டும். முன்பக்கப் பம்பரும் ஒரு லைட்டும் மட்டும் இன்னும் மெக்கானிக் கையில் இருக்கின்றன.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியை லேசாகக் கேள் என்று நான் சொல்லவில்லை. கஷ்டமாகவே கேள். கொளஞ்சி வைத்த ஒரே ரவுண்டு என் ஆறையும் சேர்த்துக் கட்டினாலும் அதைவிடக் கஷ்டம். ஆனால் அவர் என்னைக் கார் ஓட்டச் சொன்னார். ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடச் சொல்கிறார்களே, அதையும் வண்டியில் உட்காரவைத்துத்தான் சொல்கிறார்கள். உன் ஆபீசில் யாராவது தினமும் மூணேகால் மணிக்கு முள்ளை அளந்துகொண்டா இருக்கிறீர்கள்? அந்தப் பெண் நாளைக்கு உன் டீமில் என்ன செய்யப் போகிறாளோ, அதில் இருப்பதிலேயே கஷ்டமான ஒன்றை எடுத்து அவளிடம் கொடு. ஆறு பேர் வேண்டாம், நீ ஒருத்தி பக்கத்தில் உட்கார். தடுமாறினால் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் பார். அதற்கும் பிறகு வரவில்லை என்றால் வேண்டாம் என்று தாராளமாக எழுது, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்த நாலு நிமிட மௌனத்தை மட்டும் வைத்து எழுதாதே. பாலத்து மேல் என் நாலு நிமிடத்தை மட்டும் யாராவது பார்த்து எழுதியிருந்தால், இந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதியிருப்பார்கள். உன் கூட இருக்கும் ஐந்து பேரும் என்ன சொல்வார்களோ என்று பயப்படாதே. எங்கப்பா காரை வயலில் இறக்கிய கதை தெரியுமா என்று ஆரம்பி, சிரிக்கட்டும், சிரித்து முடித்த பிறகு காரியத்தைச் சொல். என் மானம் போனால் பரவாயில்லை, எப்படியும் புதுச்சத்திரம் வரை போய்விட்டது.

இன்னும் ஒன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ முதல் இன்டர்வியூவில் தோற்றுவிட்டுச் சென்னையிலிருந்து போன் செய்து அழுதாய். ஒரு ரூபாய்க் காசு தீரும்வரை அழுதாய், வேறு காசு போட்டு மறுபடி அழுதாய். என்ன கேட்டார்கள் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. கேட்டவன் முட்டாள்டா கண்ணு, நீ கெளம்பி வீட்டுக்கு வா என்றேன். பெற்றவன் வேறு என்ன சொல்வான். இந்த நேரத்தில் சிதம்பரத்தில் ஏதோ ஒரு வீட்டில் மாலதியின் அப்பா அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் முட்டாள் என்று சொல்வது என் மகளை. முகம் தெரியாத ஒருவர் உன்னை அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான். இப்போது சண்டைக்குப் போகவும் வழியில்லாமல், அவர் சொல்வது சரிதானே என்று உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காதே, தொக்குப் பாட்டிலில் ஈரக் கரண்டியைப் போடாதே. நீ எடுத்து வைக்கிற காரியமெல்லாம் கூடிவரவும், உன்னைத் தேடி வருகிற பிள்ளைகளுக்கு உன்னால் நல்லது நடக்கவும் நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். வெள்ளிக்கிழமை மறந்துவிடாதே. வியாழக்கிழமையே அந்தப் பெண்ணைக் கூப்பிடு.

இப்படிக்கு,
மூன்றாவது கியருக்கு அவசரப்படும்
உன் அப்பா,
உத்திராபதி.